ஐந்நூற்று எழுபத்தொன்று

கானாடுகாத்தானில் கல்யாணம்.
இரண்டாங்கட்டுக்குப் பின்னால் தகரப் பந்தல்,
விடிந்தால் எழுநூறு இலை.
நான் உரித்த சின்ன வெங்காயம் முப்பத்தாறு கிலோ என்று
கணக்கெழுதிக்கொண்டிருந்தார் அடைக்கலம்.
அப்போது மடியில் போன் அதிர்ந்தது.
சேவுகன்.
இரண்டு வருடமாகப் பேச்சில்லை.
"முடிச்சுட்டான்டி"
என்று ஒரே வரி. அதன் கீழே ஒரு லிங்க்.

முடித்தது யாரென்று நான் கேட்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பில்
கல்லுக்கட்டி செல்போன் கடையிலிருந்து
மெமரி கார்டில் வந்து சேர்ந்தான்
அந்த இடதுகைச் சமையல்காரப் பையன்.
அன்றைக்கு அவனுக்குப் பதினாறு.
இன்றைக்கும் பதினாறுதான்,
எனக்குத்தான் இருபத்தாறு.
ஒரு முள்ளங்கியைச் சீவ மூன்று எபிசோடு எடுத்துக்கொள்வான்.
கத்தி இறங்கினால் பின்னால் அலை எழும், கொக்கு பறக்கும்.
ருசி பார்க்கும் நடுவர்கள் கண்ணை மூடுவார்கள்,
அவர்களுக்குள் மழை பெய்யும்.

நானும் எத்தனையோ பந்தி பார்த்துவிட்டேன்,
யாருக்குள்ளும் ஒரு தூறல்கூட இல்லை.
"இங்க கொஞ்சம் ரசம்" என்பார்கள்.
அத்தோடு சரி.

எண்பத்தெட்டாம் அத்தியாயத்து மீன் சூப்பை
ஒருமுறை வைத்துப் பார்த்தோம்.
கடல்பாசி வேண்டும் என்றிருந்தது.
வீட்டில் இருந்தது கல்பாசி.
"பாசி பாசிதானே" என்று
ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டான் சேவுகன்.
இரண்டு மடக்குக் குடித்து, கண்ணை மூடி,
"மழை" என்றான்.
பிறகு கொல்லைக்கு ஓடினான்.

எங்கள் சண்டை எதற்கென்று சொன்னால் சிரிப்பீர்கள்.
மூன்றாம் சீசன் முடிவை
நான் பார்ப்பதற்குள் சொல்லிவிட்டான்.
அது மட்டுமில்லைதான்.
சிங்கப்பூருக்கு டிக்கெட் எடுத்ததை
அதே போன் பேச்சில், அதற்கப்புறம் சொன்னான்.

கோட்டை அடுப்பு வெளிச்சத்தில் லிங்கைத் திறந்தேன்.
வெங்காய விரலை எந்தப் போன் மதிக்கிறது,
ஒவ்வொரு பக்கத்துக்கும் நாலு தடவை தேய்க்க வேண்டியிருந்தது.
இறுதிப் போட்டி.
இரண்டு தட்டு, இரண்டு மூடி.
மூடியைத் தூக்குகிறார்கள்.
அடுத்த பக்கம் வெறும் வெள்ளை.
நெட் போய்விட்டதென்று பந்தலுக்கு வெளியே போய் நின்றேன்.
இல்லை, வெள்ளையே தான்.
அதற்கடுத்த பக்கத்தில்
அவன் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறான்.
தோற்கடிக்கவே பிறந்தவன் மாதிரி முறைத்துத் திரிந்தானே எதிராளி,
அவன் பக்கத்தில் நின்று துடைத்து அடுக்குகிறான்.
ஓரத்தில் வழக்கமாக இருக்கும் 'அடுத்த வாரம்' இல்லை.

"ஏமாத்திட்டான். பன்னெண்டு வருசம்.
யார் ஜெயிச்சான்னுகூட சொல்லல."

நான் எழுதினேன்:
"இத்தனை அத்தியாயத்துல இன்னைக்குத்தான் கழுவுறான்.
இத்தனை நாளா யாருடா கழுவுனது?"

டைப் செய்கிறான் என்று காட்டியது.
நின்றது.
மறுபடி காட்டியது.
மசாலா கருகுதென்று அடைக்கலம் கத்தினார்,
போனை மடியில் செருகினேன்.

கடைசிப் பந்தி எங்களுக்கு, மத்தியானம் மூணரைக்கு.
கூட்டெல்லாம் தீர்ந்திருந்தது.
சோறு, ரசம், ஓரம் உடைந்த கந்தரப்பம் ஒன்று.
இடதுகையால் போனை எடுத்தேன்.
விடிகாலையிலேயே வந்து கிடந்தது:
"இன்னைக்கு என்ன மெனு?"
ஒன்று விடாமல் எழுதினேன், பால் பணியாரம் வரை.
உடனே கேட்டான்:
"யாருக்காவது மழை பெஞ்சுதா?"

எதிர் இலையில் வேன் டிரைவர் கதிரேசன்,
ராத்திரி முழுக்க வண்டி ஓட்டியவர்,
வாயில் ரசம்சோறு, கண் மூடியிருந்தது.

"ஒருத்தர் கண்ணை மூடியிருக்கார்.
தூங்குறார்னு நினைக்கிறேன்."

இலையை மடித்தேன்.
கிணற்றடியில் அண்டாக்கள் கிடந்தன,
பதினொன்று,
எல்லாம் அடிப்பிடித்தவை.